துப்பறியும் கதை குடிபெயர்ந்த வரலாறு

கொச்சித் துறைமுகத்தை அடுத்த மட்டாஞ்சேரியில், 'டச்சு அரண்மனை' என்று வழங்கும் மாளிகை ஒன்று இருக்கிறது. அதைக் கட்டியவர் டச்சுக்காரர் அல்லர், போர்ச்சுகீசியர். 1555ஆம் ஆண்டு வாக்கில் அதைக் கட்டி, கொச்சி அரசர் வீரகேரள வர்மருக்குக் காணிக்கையாக அளித்தனர். 1663இல் டச்சுக்காரர் அதைப் பழுது பார்த்துப் புதுப்பித்தனர். பெயர் அவர்களுக்குப் போயிற்று. உள்ளே நுழைந்து பார்ப்போமாயின், நடுவில் முற்றமும் நான்கு புறமும் கட்டடமுமாக அமைந்த மலையாள நாட்டு நாலுகெட்டு வீடு அது. முற்றத்தில் பழையன்னூர் பகவதியின் கோயில். அரசரின் பள்ளியறைச் சுவர்களில் இராமாயண ஓவியங்கள். சுவரை எழுப்பிய கை ஒன்று, செப்பனிட்ட கை வேறொன்று. ஆயினும் உள்ளே குடியிருக்கும் உயிர் இந்நாட்டினுடையது.

கதைகளும் இவ்வாறே நாடு விட்டு நாடும், மொழி விட்டு மொழியும், ஏட்டிலிருந்து திரைக்கும் குடிபெயர்கின்றன. அங்ஙனம் பெயரும்போது எது மாறலாம், எது மாறக்கூடாது என்பது பழைய கேள்வி. புகழ்பெற்ற துப்பறியும் கதைகள் தொலைக்காட்சிக்கு வந்த வரலாற்றைச் சொல்லி, இக்கேள்விக்கு விடை தேட முயல்வோம். பிற மாநிலங்களில் வாழும் தமிழருக்கு இது வெறும் பொழுதுபோக்குப் பொருள் அன்று என்பதும் போகப்போகப் புலனாகும்.

முதலில் ஏட்டு வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். மலையாள மொழியின் முதல் துப்பறியும் நாவல் என்று போற்றப்படுவது 'பாஸ்கர மேனோன்'. அதை எழுதியவர் மேற்சொன்ன கொச்சி அரச குடும்பத்தில் 1875இல் தோன்றிய அப்பன் தம்புரான். இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் அந்நூல் வெளிவந்தது. ஆங்கிலத்தில் கானன் டாயில் படைத்த ஷெர்லக் ஹோம்ஸ் 1887இல் தோன்றி, 1891 முதல் பத்திரிகைச் சிறுகதைகள் வாயிலாக உலகப் புகழ் பெற்றுக்கொண்டிருந்த காலம் அது. அந்த அலை கொச்சிக் கரையிலும் மோதியது. ஆயினும் அப்பன் தம்புரான் இலண்டன் மூடுபனியை இங்கே கொண்டுவரவில்லை. தம் நாட்டு மனிதர்களையும் தம் நாட்டு வழக்கங்களையுமே கதைக்குக் களமாக்கினார்.

அதே காலத்தை ஒட்டித் தமிழிலும் துப்பறிவோர் பலர் பிறந்தனர். ஜே. ஆர். ரங்கராஜு 'இராஜாம்பாள்' முதலிய நாவல்களில் துப்பறியும் கோவிந்தனை உலவவிட்டார். 'ஆனந்தபோதினி' ஆசிரியராக விளங்கிய ஆரணி குப்புசாமி முதலியார், ஹோம்ஸின் சாயலில் ஆனந்தசிங் என்னும் துப்பறிவோனைத் தமிழருக்கு அறிமுகம் செய்தார். வடுவூர் துரைசாமி ஐயங்காரோ, துறவிக் கோலத்தில் துப்பறியும் திகம்பர சாமியாரைப் படைத்தார். இவற்றுள் பல மேனாட்டு நூல்களின் தழுவல்கள் என்பது அன்றே யாவரும் அறிந்த செய்தி. அதைக் கொண்டு அவற்றை இகழ்ந்தவரும் உண்டு. நாம் அவ்வாறு இகழோம். தழுவுகிறவன் வெறும் பெயர்மாற்றக்காரன் அல்லன். குதிரை வண்டி எங்கே மாட்டு வண்டியாக வேண்டும், மேனாட்டுப் பிரபுவின் பேச்சு எந்த மிராசுதாரின் வாயில் பொருந்தும், உயில் வழக்கு நம் நாட்டில் எந்தப் பாகவழக்காக மாறும் என்பதையெல்லாம் எண்ணி எண்ணிச் செய்த வேலை அது. தமிழர் சிற்றூர்களில் விளக்கொளியில் ஒருவர் படிக்கப் பலர் கேட்ட கதைகள் அவை.

பேசும் படம் வந்ததும் இவர்களுட் சிலர் திரைக்குச் சென்றனர். 'இராஜாம்பாள்' 1935இலும், மீண்டும் 1951இலும் படமாயிற்று. வடுவூராரின் 'கும்பகோணம் வக்கீல்' என்னும் நாவலைத் தழுவி, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950இல் 'திகம்பர சாமியார்' படத்தை எடுத்தது. எம். என். நம்பியார் பல வேடங்கள் புனைந்து அதில் நடித்தார். ஆனால் சினிமா ஒரே இருக்கையில் மூன்று மணி நேரத்தில் முடிவது. அதில் பாட்டு வேண்டும், நடனம் வேண்டும், காதல் வேண்டும். துப்பறியும் கதையின் உயிரோ பொறுமையில் இருக்கிறது. ஒரு சிறு தடயத்தைக் கண்டு, நின்று, எண்ணி, அடுத்ததற்குச் செல்வது அதன் நடை. அந்நடைக்குப் பொருந்திய மேடை, வாரந்தோறும் வீட்டுக்குள்ளேயே வரும் தொலைக்காட்சிதான் என்பது பிற்பாடே தெளிவாயிற்று.

தொலைக்காட்சி துப்பறிவோரைத் தேடிச் செல்வதில் காலந்தாழ்த்தவில்லை. பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகம் முறையான தொலைக்காட்சிச் சேவையை 1936 நவம்பரில் தொடங்கியது. எட்டு மாதங்கள் ஆவதற்குள், 1937 ஜூன் 18ஆம் நாள், அகதா கிறிஸ்டியின் நாடகம் ஒன்று இலண்டனிலிருந்து ஒளிபரப்பாயிற்று. பிரான்சிஸ் சல்லிவன் என்னும் நடிகர் ஹெர்க்யூல் பொய்ரோவாகத் தோன்றினார். அதே ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் நியூயார்க்கில், சோதனை ஒளிபரப்பாகக் கானன் டாயிலின் கதை ஒன்று நாடகமாயிற்று. அதில் ஹோம்ஸாக நடித்தவர் லூயி ஹெக்டர். பார்த்தவர் தொகை மிகச் சிறிது. நடிக்கும்போதே ஒளிபரப்பிய நாடகங்கள் ஆதலின், அவை அப்பொழுதே காற்றோடு கலந்து மறைந்தன. எனினும் தொலைக்காட்சி பிறந்த மறு ஆண்டிலேயே உலகின் இரு பெருந் துப்பறிவோரும் அதன் வாயிலுக்கு வந்துவிட்டனர்.

நம் நாட்டில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15ஆம் நாள் டில்லியில் தொடங்கியது. 1976 வரை அது வானொலியின் ஒரு கிளையாகவே இருந்தது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்டு 15ஆம் நாள் வந்தது. 1982இல் வண்ணமும், நாடு முழுதும் ஒரே நேரத்தில் செல்லும் ஒளிபரப்பும் வந்தன. திருவனந்தபுரத்திலிருந்து மலையாள ஒளிபரப்பு 1985ஆம் ஆண்டின் முதல் நாள் தொடங்கியது. இவ்வரிசையைப் பிற மாநிலத் தமிழர் வேறு விதமாக நினைவு கூர்வர். சென்னை நிலையத்தின் தமிழ் நிகழ்ச்சி எட்டாத தொலைவில் இருந்த நமக்குக் கிடைத்தவை இரண்டே: வாழும் மாநிலத்தின் மொழியும், டில்லியிலிருந்து வந்த இந்தியும். மட்டாஞ்சேரியில் இருந்த எங்கள் வீட்டிலும் அதுவே நிலை.

அந்த இந்தி வழியேதான் இந்தியத் துப்பறியும் கதை வீடுதோறும் நுழைந்தது. 1985இல் 'கரம்சந்த்' என்னும் தொடர் வந்தது. அது நேரே தொலைக்காட்சிக்கென்றே புனைந்த கதை. அதை அடுத்து, சத்யஜித் ராய் எழுதிய பெலுடா கதைகளுள் காட்மாண்டுவில் நிகழும் கதை இந்தித் தொடராயிற்று. அவர் மைந்தர் சந்தீப் ராய் இயக்க, சசி கபூர் பெலுடாவாக நடித்தார். பிறகு 1993இல் பாசு சட்டர்ஜி இயக்கிய 'பியோம்கேஷ் பக்ஷி' வந்தது. 1997இல் அதன் இரண்டாம் பகுதியும் தொடர்ந்தது. பழைய கதைகளைத் தொலைக்காட்சிக்குத் தழுவிய இந்திய முயற்சிகளுள் இதற்கு இணையாக வேறொன்றைச் சொல்வது அரிது. ஆதலின் இங்கே சற்று நின்று நோக்குவோம்.

பியோம்கேஷைப் படைத்தவர் சரதிந்து பந்தோபாத்யாய். 1932இல் முதற் கதை வெளிவந்தது. முற்றுப்பெற்ற கதைகள் முப்பத்திரண்டு. முப்பத்து மூன்றாவது முடியாமலே நின்றது. கல்கத்தாவின் மெஸ் விடுதிகளும், பழைய மாளிகைகளும், டிராம் வண்டிகளும் அக்கதைகளில் உயிரோடு நடமாடுகின்றன. பியோம்கேஷ் தன்னைத் துப்பறிவோன் என்று அழைத்துக்கொள்வதை விரும்பான்; 'சத்யான்வேஷி', அதாவது உண்மையைத் தேடுவோன், என்றே சொல்லிக்கொள்வான். வேட்டியும் ஜிப்பாவும் அணிந்து, மனைவியோடும் நண்பனோடும் குடித்தனம் நடத்தும் சாமானிய மனிதன் அவன்.

இவ்வளவு கல்கத்தா மணம் கமழும் கதைகளை எழுதியவர் பிறந்தது வங்காளத்தில் அன்று. ஐக்கிய மாகாணத்து ஜௌன்பூரில், 1899இல். இளமை கழிந்தது பீகாரில் உள்ள முங்கேரில். 1938இல் திரைக்கதை எழுதப் பம்பாய் சென்றார். 1952இல் புனாவில் குடியேறினார். வங்காளத்துக்கு வெளியே பிறந்து, வாழ்நாளின் பெரும்பகுதியை வெளியிலேயே கழித்தவர் அவர். தொடரை இயக்கிய பாசு சட்டர்ஜியும் அஜ்மீரில் பிறந்து, மதுராவில் வளர்ந்து, பம்பாயில் தொழில் செய்த வங்காளியே. ஆக, ஊரை விட்டு வெளியே வாழ்ந்த ஒருவர் எழுதினார்; வெளியே வளர்ந்த மற்றொருவர் அதை வேறு மொழியில் படமாக்கினார். ஊரிலிருந்து விலகி வாழ்வோருக்கு அவ்வூரின் நினைவு மங்குவதில்லை, கூர்மையே அடைகிறது. பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இதைவிட ஊக்கமளிக்கும் செய்தி வேறு என்ன வேண்டும்?

இனித் தழுவலின் நுட்பத்துக்கு வருவோம். துப்பறியும் கதையில் முதன்மையானவன் துப்பறிவோன் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அவனுக்கு ஈடாக வேண்டியவன் கதை சொல்லும் நண்பன். ஹோம்ஸுக்கு டாக்டர் வாட்சன். பொய்ரோவுக்குக் காப்டன் ஹேஸ்டிங்ஸ். பியோம்கேஷுக்கு எழுத்தாளன் அஜித். துப்பறிவோன் கண்டதையெல்லாம் இந்த நண்பனும் காண்கிறான். ஆனால் அவற்றின் பொருள் அவனுக்குப் புரிவதில்லை. நாமும் அவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கிறோம், நமக்கும் புரிவதில்லை. இறுதியில் விடை வெளிப்படும்போது, ஏமாற்றப்பட்டோம் என்னும் சினம் நமக்கு எழக்கூடாது. கண்முன் இருந்ததைக் காணத் தவறினோமே என்னும் வெட்கங்கலந்த மகிழ்ச்சியே எழ வேண்டும். தடயம் ஒன்றையும் வாசகனிடம் மறைக்கலாகாது என்பது இக்கலையின் எழுதாச் சட்டம். 1929இல் ரொனால்டு நாக்ஸ் என்னும் ஆங்கில எழுத்தாளர் அதை விதியாக எழுதியும் வைத்தார்.

தொலைக்காட்சியில் இந்த நண்பனுக்கு நேர்வது என்ன? காமிரா அவன் வேலையைப் பறித்துக்கொள்கிறது. கதையை இப்பொழுது அவன் சொல்வதில்லை, காமிரா காட்டுகிறது. சொல்லும் பணியை இழந்த நண்பன், வாயைப் பிளந்துகொண்டு வியக்கும் கோமாளியாகிவிடும் அபாயம் உண்டு. பழைய ஆங்கிலத் திரைப்படங்களில் வாட்சனுக்கு நேர்ந்த கதி அதுவே. 1984 முதல் 1994 வரை ஜெரமி பிரெட் ஹோம்ஸாக நடித்த ஆங்கிலத் தொடர் அப்பழியைத் துடைத்தது. அதில் முதலில் டேவிட் பர்க்கும், பின்பு எட்வர்டு ஹார்ட்விக்கும் வாட்சனை அறிவும் கண்ணியமும் உள்ள மருத்துவராகவே நடித்துக் காட்டினர். 'பியோம்கேஷ் பக்ஷி' தொடரிலும் ரஜித் கபூருக்கு நிகராக, அஜித்தாக வந்த கே. கே. ரெய்னா மதிப்புடனேயே விளங்கினார்.

கதை சொல்பவனைப் பற்றிய நுட்பமே முழுச் சுவையாக அமைந்த நாவல் ஒன்று கிறிஸ்டியின் நூல்களுள் உண்டு. அதன் பெயரைக் கூறோம்; படியாதவர்தம் இன்பம் கெடும். அந்நாவலின் வியப்பு முழுதும் எழுத்தில் அமைந்தது. அதைத் திரையில் கொண்டுவருவது, நிழலைப் பெட்டியில் அடைப்பது போன்ற அரும்பாடு.

இரண்டாவது இடர்ப்பாடு, தடயத்தைக் காட்டும் முறை. எழுத்தாளர் ஓர் அறையிலுள்ள பத்துப் பொருள்களை வரிசையாகச் சொல்லி, அவற்றின் நடுவே தடயத்தை வைத்துவிடுவார். வாசகர் கண் வழுக்கிச் செல்லும். காமிராவோ அப்பொருளை அருகில் சென்று காட்டினால், இதுதான் தடயம் என்று முரசறைந்தது போலாகிவிடும். காட்டாமல் விட்டாலோ நேர்மை கெடும். காட்டியும் காட்டாமலும் இருப்பதே தழுவுவோரின் திறமை.

இதற்கு எங்கள் வீட்டு அனுபவம் ஒன்றைச் சொல்லுவோம். பியோம்கேஷ் கதைகளுள் முதலில் அச்சேறியதில், கல்கத்தா வீதியில் நடந்து செல்வோர் திடீரென விழுந்து இறக்கின்றனர். அவர்கள் மார்பில் பாய்ந்திருப்பது கிராமபோன் ஊசி. எங்கிருந்து, எவ்வாறு அது பாய்ந்தது? விடை அந்த வீதியின் அன்றாட ஓசைகளுள் ஒன்றில் ஒளிந்திருக்கிறது. அக்கதை தொலைக்காட்சியில் வந்த இரவு, எங்கள் பாட்டியாரும் எங்களோடு அமர்ந்து பார்த்தார். அவருக்கு இந்தி ஓர் எழுத்தும் தெரியாது. எங்கள் தந்தையார் ஒவ்வொரு பேச்சையும் தமிழில் சொல்லி வந்தார். "அவன் என்ன சொல்லுகிறான்? யார் இவன்? இவன்தான் கொன்றவனா?" என்று பாட்டியார் கேட்டுக்கொண்டே இருந்தார். இந்தி அறிந்த நாங்கள் பேச்சிலேயே கருத்தாக இருந்தோம். பாதிக் கதையில் பாட்டியார், "அந்தச் சத்தம் முன்னேயும் கேட்டதே, அது என்ன சத்தம்?" என்றார். "அம்மா, கொஞ்சம் பொறு, பேச்சு ஓடுகிறது" என்று தந்தையார் அடக்கிவிட்டார். கதை முடிந்தபோது எங்களுள் ஒருவரும் பேசவில்லை. மொழி அறியாதவர் ஓசையைக் கேட்டார். மொழி அறிந்த நாங்கள் ஓசையைத் தவறவிட்டோம்.

அன்று நமக்குத் தோன்றியதை இன்றும் மறக்கவில்லை. தொலைக்காட்சி அஜித்தின் கையிலிருந்து பறித்துக்கொண்ட கதை சொல்லும் வேலையை எங்கள் வீட்டில் தந்தையார் எடுத்துக்கொண்டார். வங்காளத்துக் கதை இந்தியில் வந்து, மலையாள நாட்டு வீட்டில், தமிழில் சொல்லப்பட்டது. அந்தக் கடைசித் தழுவலைச் செய்தவர் எந்த நிலையத்திலும் ஊதியம் பெற்றவர் அல்லர். மும்பையிலும், டில்லியிலும், பெங்களூரிலும், கோட்டைக் கொச்சியின் சலவைத் துறையில் உழைக்கும் தமிழ்க் குடும்பங்களிலும் இத்தகைய தழுவலாளர் எத்தனையோ பேர் இருந்திருப்பர்.

மூன்றாவது இடர்ப்பாடு, முகம். எழுத்தில் துப்பறிவோனுக்கு முகம் இல்லை. வாசகர் ஒவ்வொருவரும் ஒரு முகம் வரைந்துகொள்கின்றனர். ஓவியரும் நடிகரும் வந்து அம்முகத்தை நிலைநிறுத்திவிடுகின்றனர். ஹோம்ஸுக்கு நாம் அறிந்த வேட்டைத் தொப்பியை அளித்தவர் சிட்னி பாஜெட் என்னும் ஓவியர். வளைந்த புகைக்குழாயை அளித்தவர் வில்லியம் கில்லெட் என்னும் நாடக நடிகர். சத்யஜித் ராயின் அனுபவம் இதனினும் சுவையானது. பெலுடாவின் நண்பர் ஜடாயு என்னும் எழுத்தாளராக, 1974இல் வந்த 'சோனார் கெல்லா' படத்தில் சந்தோஷ் தத்தா நடித்தார். அதன் பிறகு ராய் தம் நூல்களில் ஜடாயுவின் படத்தை அந்நடிகரின் சாயலிலேயே வரையலானார். எழுத்திலிருந்து திரைக்குச் சென்ற மனிதர், திரையிலிருந்து மீண்டும் எழுத்துக்குத் திரும்பி வந்தார்!

நம் தமிழில் இதற்கு நேரான உதாரணம் துப்பறியும் சாம்பு. தேவன் என்னும் புனைபெயர் கொண்ட ஆர். மகாதேவன், 1940களில் 'ஆனந்த விகட'னில் எழுதிய ஐம்பது கதைகளின் நாயகன் அவன். பாங்கி குமாஸ்தாவாக இருந்தவன். வழுக்கைத் தலை, நீண்ட மூக்கு, மந்த புத்தி. அவன் ஏதோ தவறு செய்யப்போக, அதுவே குற்றவாளியைப் பிடித்துக் கொடுத்துவிடும். ஊரார் அவனை மேதை என்பர். இன்ஸ்பெக்டர் கோபாலனும் வியப்பார். மனைவி வேம்பு பெருமைப்படுவாள். உண்மை அறிந்தவர் இருவரே: தேவனும், வாசகரும். ஹோம்ஸ் கதையில் துப்பறிவோன் அறிந்ததை நாம் அறியோம். சாம்பு கதையிலோ நாம் அறிந்ததைத் துப்பறிவோன் அறியான். மேனாட்டு முறையைத் தலைகீழாக்கித் தமிழுக்கே உரியதாக்கிய அரிய படைப்பு இது.

சாம்பு மேடை ஏறினான். பிறகு தொலைக்காட்சிக்கும் வந்தான். காத்தாடி ராமமூர்த்தி சாம்புவாக நடித்த தொடரைத் தமிழர் பலர் இன்றும் நினைவில் வைத்திருக்கின்றனர். ஆயினும் தழுவலில் குறைந்தது ஒன்று உண்டு. அது தேவனின் குரல். சாம்புவின் அசட்டுத்தனத்தைக் காமிரா காட்டிவிடும். அந்த அசட்டுத்தனத்தின்மேல் தேவன் வைத்த பரிவைக் காட்டுவது கடினம். ஒரு வரியில் நம்மைச் சிரிக்கவைத்து, அடுத்த வரியில் அவனுக்காக இரங்கவைத்த அந்தக் குரல் எழுத்திலேயே தங்கிவிட்டது. இது நடித்தவர் குறை அன்று, ஊடகத்தின் இயல்பு.

நான்காவது, இடமும் காலமும். சோவியத் நாட்டில் 1979 முதல் 1986 வரை ஹோம்ஸ் கதைகளைத் தொடராக எடுத்தபோது, இலண்டனின் பேக்கர் வீதியாக விளங்கியது லாத்வியாவின் ரீகா நகரத்துப் பழைய வீதி ஒன்று. ஹோம்ஸாக நடித்த வாசிலி லிவானவுக்கு 2006இல் பிரிட்டிஷ் அரசின் கௌரவ விருது கிடைத்தது. வீதி போலியாயினும், மனிதன் உண்மையாக இருந்தான். மறுபுறம், 2010இல் பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகம் ஹோம்ஸை இக்காலத்து இலண்டனுக்கே கொண்டுவந்து, கையில் தொலைபேசியைக் கொடுத்தது. அதுவும் மக்கள் உள்ளத்தைக் கவர்ந்தது. பொய்ரோவாக 1989 முதல் 2013 வரை எழுபது பகுதிகளில் நடித்த டேவிட் சூஷே, நூல்களை ஊன்றிப் படித்து, அம்மனிதரின் பழக்கவழக்கங்களைப் பட்டியலிட்டு வைத்துக்கொண்டாராம். உடையும், வீதியும், வாகனமும் மாறலாம். அறிகிறவனுக்கும் அறியாதவனுக்கும் இடையே நிலவும் அந்த அன்பும், காண்போரிடம் காட்டும் நேர்மையும் மாறக்கூடாது. மட்டாஞ்சேரி அரண்மனையின் சுவரும் கூரையும் கைமாறின. முற்றத்துக் கோயில் மாறவில்லை அன்றோ?

இனி நம் தமிழின் நிலையைப் பார்ப்போம். 1993 ஏப்ரலில் தனியார் தமிழ்த் தொலைக்காட்சி தொடங்கிய பின், செயற்கைக்கோள் வழியே தமிழ் எல்லா மாநிலங்களுக்கும் எட்டிற்று. 1990களில் இந்திரா சௌந்தரராஜனின் கதைகளைக் கொண்டு நாகா இயக்கிய 'மர்மதேசம்' தொடர்கள் வந்தன. எழுத்தாளனின் கதையை மதித்து வாரத் தொடராக்கினால் தமிழரும் ஆவலோடு காத்திருப்பர் என்பதை அவை மெய்ப்பித்தன. ஆயினும் ஆனந்தசிங்கும், கோவிந்தனும், திகம்பர சாமியாரும் தொலைக்காட்சியில் உரிய இடம் பெற்றார்கள் என்று சொல்ல முடியவில்லை. உரிமைச் சிக்கல் என்று காரணம் கூறவும் இயலாது. இந்திய நாட்டுச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள் கழிந்தால் நூல் பொதுவுடைமை ஆகிறது. ஆரணி குப்புசாமி முதலியார் மறைந்தது 1925இல், வடுவூரார் 1942இல், தேவன் 1957இல். இம்மூவரின் எழுத்தும் இன்று யாவருக்கும் உரியது. எடுத்துத் தழுவ முன்வரும் கைகளே வேண்டும்.

இது பிற மாநிலத் தமிழருக்கு ஏன் முக்கியம் என்று கேட்கலாம். நம் பிள்ளைகளுள் பலர் வீட்டில் தமிழ் பேசுகின்றனர், கேட்டால் புரிந்துகொள்கின்றனர், ஆனால் படிக்க அறியார். பள்ளியில் அவர்கள் கற்ற எழுத்து மலையாளமோ, கன்னடமோ, தேவநாகரியோ ஆகும். அச்சிட்ட சாம்பு அவர்களுக்குப் பூட்டிய பெட்டி; பேசும் சாம்பு திறந்த கதவு. எழுத்து அறியாத செவிக்கு இலக்கியம் சென்று சேர வேண்டுமாயின், அது குரலாகவும் காட்சியாகவுமே செல்ல வேண்டும். வங்காளத்துப் பிள்ளை பியோம்கேஷை அறிந்தது போல, நம் பிள்ளை ஆனந்தசிங்கை அறியாமற் போனால், தமிழில் துப்பறியும் கதையே இருந்ததில்லை என்று அது எண்ணிக்கொள்ளும். அந்த எண்ணத்தை நாம் வளரவிடலாகாது.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். தமிழ்த் துப்பறியும் கதை சென்னைக்கே உரியது என்று கருதுவதும் தவறு. சுஜாதாவின் வக்கீல் கணேஷ் முதலில் தோன்றியது 1968இல், 'நைலான் கயிறு' நாவலில். பம்பாயில் நிகழும் கதை அது. 'அனிதா இளம் மனைவி'யில் அவன் டில்லியில் வக்கீல் தொழில் நடத்துகிறான். சுஜாதாவும் டில்லியிலும் பெங்களூரிலும் பல்லாண்டு வாழ்ந்து எழுதியவர். ஆக, தமிழின் புகழ்பெற்ற துப்பறிவோருள் ஒருவன் நம்மைப் போலவே வெளியூர்த் தமிழன். சரதிந்து புனாவிலிருந்து கல்கத்தாவை எழுதினார். சுஜாதா தாம் வாழ்ந்த வெளியூரையே தமிழுக்குள் கொண்டுவந்தார். இருவகையும் நமக்கு வழிகாட்டும். மட்டாஞ்சேரியின் கடைவீதியில் மிளகு மூட்டைகளின் நடுவே நிகழும் தமிழ்த் துப்பறியும் கதை ஒன்றை நம் இளைஞர் எழுதிக் காட்சியாக்கினால் அது பொருந்தாதா? கொங்கணியும், குஜராத்தியும், மலையாளமும், தமிழும் ஒரே தெருவில் ஒலிக்கும் இவ்வூரைவிடத் துப்பறிவோனுக்கு ஏற்ற களம் எது?

தொலைக்காட்சி செய்ய வேண்டியதைச் செய்யட்டும். அதற்காகக் காத்திருக்கும் வரையில் நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. வாரத்தில் ஓர் இரவு, சாம்புவின் கதை ஒன்றையோ, ஆனந்தசிங்கின் அத்தியாயம் ஒன்றையோ பிள்ளைகளுக்கு உரக்கப் படித்துக் காட்டலாம். முடிவுக்கு முன் நிறுத்தி, "யார் செய்திருப்பார், சொல்லுங்கள்?" என்று கேட்கலாம். தடயங்களை அவர்களே எடுத்துச் சொல்லும்போது, அவர்கள் நாவில் தமிழ் தானே வளரும். தழுவலின் முதல் நிலையம் வீட்டுக் கூடம். முதல் கதைசொல்லி தாயும் தந்தையும்.

எங்கள் பாட்டியார் இன்று இல்லை. தந்தையாரும் முதுமை எய்திவிட்டார். பியோம்கேஷ் தொடரை இப்பொழுது யார் வேண்டுமாயினும் வேண்டிய நேரத்தில் பார்க்கலாம். மொழிபெயர்த்த வரிகளும் அடியில் ஓடுகின்றன. அவ்வரிகள் பேச்சின் பொருளைப் பிழையின்றிச் சொல்கின்றன. ஆயினும், "அந்தச் சத்தம் என்ன சத்தம்?" என்று கேட்பவருக்கு விடை சொல்ல அருகில் ஒருவர் வேண்டும். அந்த ஒருவராக இருப்பது நம் கடமை.